நொச்சிமேட்டுக் கப்பலம்மா

நொச்சிமேட்டுச் சேரியில் கடலைப் பார்த்தவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். வெட்டியான் துலுக்கானம் ஒரு மாசி மகத்துக்கு மதராஸ் போய், அலையில் முழங்கால் நனைய நின்றுவிட்டு வந்தவன். அதை வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். கடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்தவள் பூங்காவனம் ஒருத்திதான். அவளோ பெரியவர்களிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வற்புறுத்திக் கேட்டால், "அங்கயும் மண்ணுதான், அங்கயும் பெருக்கணும்" என்று முடித்துவிடுவாள்.

அம்பத்தூர் ரயிலடியில் இறங்கி, கிழக்கே கொரட்டூர் ஏரியைப் பார்த்து வண்டிப் பாதையில் நடந்தால் முதலில் ஊர் வரும். ஓட்டு வீடுகள், அம்மன் கோயில், கிராம முன்சீப் மணவாளனின் களத்துமேடு. அதைத் தாண்டி, வயல்களுக்கு அப்பால் பள்ளத்தில் சேரி. முப்பத்தாறாம் வருஷத்தில் அந்தப் பள்ளத்தில் புதிது என்று சொல்ல இரண்டு சங்கதிகள் இருந்தன. ஒன்று, சேரிகளுக்கென்று சர்க்கார் வைத்திருந்த லேபர் இலாகா வெட்டிக் கொடுத்த கிணறு. மற்றொன்று அதே இலாகா திறந்த பள்ளிக்கூடம். மண் சுவர், பனையோலைக் கூரை, ஒரு கரும்பலகை, ஒரே வாத்தியார்.

பூங்காவனம் பிறந்தது இந்தப் பள்ளத்தில்தான். சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள்; ஆளாகி வீடு போய்ச் சேர்வதற்குள் புருஷன் செத்துப்போனான். மாமியார் சோறு போட மறுத்ததும், சேத்துப்பட்டில் ஒரு வெள்ளைக்கார பங்களாவில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அத்தையிடம் போய் ஒண்டினாள். அந்த வீட்டுக் குழந்தை யார் தூக்கினாலும் கத்தியது; இவள் தூக்கினால் அடங்கியது. வேறு படிப்பா வேண்டும்? ஆயாவாகிவிட்டாள்.

துரைமார்கள் லீவில் சீமைக்குப் போகும்போது குழந்தையோடு ஆயாவையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். துரைசாணி கப்பல் ஆட்டத்தில் தலை தூக்க முடியாமல் அறையில் கிடப்பாள். இவள் மேல்தளத்தில் பிள்ளைகளை மேய்ப்பாள். கொழும்பு, ஏடன், சூயஸ், மார்சேல்ஸ், லண்டன். லண்டன் துறையில் இறங்கியதும் பல குடும்பங்களுக்கு ஆயா தேவைப்படாது. இந்தியாவுக்குத் திரும்புகிற வேறொரு குடும்பம் கிடைக்கும்வரை, ஆயாக்களுக்கென்று இருந்த ஒரு வீட்டில் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு பனிக்காலம் முழுவதும் யாரும் கூப்பிடவில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த சித்தூர்க்காரி இருமி இருமி அந்த வீட்டிலேயே செத்தாள். பூங்காவனம் அவள் கண்ணை மூடிவிட்டு, அவள் போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள். பிழைக்க வேண்டுமே.

இப்படி ஒரு குடும்பம் மாற்றி இன்னொரு குடும்பமாக வயது போனது. கண் மங்கியதும் கடைசிக் குடும்பம் ஒரு தகரப் பெட்டியையும் ஒரு கம்பளிக் கோட்டையும் கொடுத்து அனுப்பிவைத்தது. சேரியில் இருந்த அண்ணன் அதற்குள் காலமாகியிருந்தான். அவன் குடிசை காலியாகக் கிடந்தது. அதில் வந்து இருந்துகொண்டாள். சேரி அவளை ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சீமைத் தண்ணீர் குடித்த உடம்பு என்று மட்டும் பேசிக்கொண்டது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் உலகநாதன் பூந்தமல்லிக்காரர். முப்பது வயது ஆகவில்லை. தினமும் சைக்கிளில் வருவார். அவருக்கு ஒரு தலைவலி இருந்தது. காலையில் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள். மத்தியான மணி அடித்துக் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போனால் பாதிப் பேர் திரும்புவதில்லை. ஊர்க்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார்கள். பிற்பகல் வருகை இப்படியே இருந்தால் பள்ளிக்கூடத்தை எடுத்துவிடுவோம் என்று மேலதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஒரு நாள் கிணற்றடியில் முழங்கால் சிராய்த்து ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த ஒரு பொடியனைப் பூங்காவனம் நாலு வார்த்தையில் அடக்கியதை உலகநாதன் பார்த்தார். பறக்கிற மீன் ஒன்று கப்பல் சமையற்காரனின் வாணலியிலேயே வந்து விழுந்த கதை. பொடியன் அழுகையை நிறுத்தியது மட்டுமல்ல, அப்புறம் என்ன என்று கேட்டான். உலகநாதன் அன்றைக்கே அவள் குடிசைக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் தினமும் வந்து ஒரு கதை சொல்ல முடியுமா என்று கேட்டார். சம்பளம் தரத் தனக்கு வழியில்லை என்பதையும் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சம்பளத்துக்குச் சொல்ற கதையெல்லாம் தீந்துபோச்சு சார்," என்றாள் பூங்காவனம். "மிச்சம் கீறதெல்லாம் சும்மா சொல்றதுதான்."

கை சும்மா இருந்தால் அவளுக்குக் கதை வராது. குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே, குளிப்பாட்டிக்கொண்டே சொல்லிப் பழகிய வாய். அதனால் தினம் ஒரு பிள்ளை அவள் மடியில் தலை வைக்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. ஈர்க்கோலியால் பேன் வாரிக்கொண்டே கதை சொல்வாள். ஒரு தலை சுத்தமாகவும் ஒரு கதை முடியவும் சரியாக இருக்கும். யார் தலை என்பதற்கு அடிதடியே நடந்தது. கொழும்பில் காப்டன் தொப்பியைத் திருடிய குரங்கு. போர்ட் செய்த் துறைமுகத்தில் துரையின் சட்டைப் பையிலிருந்து கோழிக்குஞ்சை எடுத்த வித்தைக்காரன். மணலுக்கு நடுவே கப்பல் போக, பக்கத்திலேயே ஒட்டகம் நடந்து வருகிற வாய்க்கால். கப்பலில் செத்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லமாட்டாள். பிள்ளைகள் அவளைக் கப்பலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிற்பகல் வருகை ஏறியது. மாட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

அடுத்த குடிசைக் கன்னியம்மாளின் மகள் நாகவல்லிக்குத்தான் கேள்வி அதிகம். பத்து வயது. லண்டனில் சேரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. பூங்காவனம் ஈர்க்கோலியை உதறிவிட்டு, அங்கேயும் ஊர் உண்டு, சேரி உண்டு, தான் தங்கியது சேரிப் பக்கம்தான் என்றாள். நாகவல்லிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது போலிருக்கிறது. வீட்டில் போய் அதையே சொல்லியிருக்கிறாள். கன்னியம்மாள் வேலி ஓரம் நின்று, "கதை கேக்கறதுக்கு இன்னா கூலி தர்றாங்கோ பெரிம்மா, எம் பொண்ணு மாட்டை வுட்டுட்டு ஓடியாருது?" என்று வம்புக்கு இழுப்பாள். ஆனாலும் பெண்ணைத் தடுத்ததில்லை.

ஆடி பிறந்தது. ஊர் அம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் ஊராக இருந்தாலும் சேரியாக இருந்தாலும் எல்லைக்கு வெளியே யாரும் இரவு தங்கக் கூடாது. பகலில் வேலையாகப் போனாலும் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட வேண்டும். ஒருவர் தவறினாலும் அம்மனின் கோபம் எல்லோர் தலையிலும் விழும். திருவிழா முடிந்து காப்பை அவிழ்க்கிற வரை இதுதான் சட்டம். அந்த வருஷம் திருவிழா பெரிது. மணவாளன் தன் செலவில் அம்மனுக்குப் புதுச் சப்பரம் செய்து வைத்திருந்தார்.

காப்புக் கட்டின மூன்றாம் நாள் சேரியில் ஒரு கிழவர் செத்தார். மறுநாள் இரண்டு குழந்தைகள். வாந்தி, பேதி, கண் குழிந்து, கை கால் சுருங்கி, பொழுது விடிவதற்குள் போய்விட்டார்கள். சேரியில் சாவு விழுந்தால் முன்சீப்புக்குப் போய்ச் சொல்ல வேண்டியது வெட்டியான் வேலை. துலுக்கானம் போய்ச் சொன்னான். ஜுரம் என்று சொல்லிப் பழகு என்று அவனிடம் மணவாளன் சொல்லி அனுப்பினார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வாந்திபேதி என்று முன்சீப் மேலே தெரிவித்தால் மருந்துக்காரர்கள் வருவார்கள். அதோடு திருவிழா கூடாது என்ற உத்தரவும் வரும். சப்பரம் களத்துமேட்டில் நின்றுபோகும்.

பூங்காவனம் நேராகக் களத்துமேட்டுக்கே போனாள். சப்பரத்துக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். மணவாளன் கட்டிலில் உட்கார்ந்து அதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார். எட்டவே நின்று சொன்னாள்.

"சாமி, இது ஜுரம் இல்ல. வாந்திபேதி. நான் முன்னாடியே பாத்துக்கீறேன்."

"எங்க பாத்தே?"

"கப்பல்ல, சாமி."

"அப்போ கப்பல்லயே போய்ச் சொல்லு," என்றார் மணவாளன். வர்ணம் பூசியவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "அம்மா எல்லையில வந்து உக்காந்திருக்கா. இந்த நேரத்துல அந்தப் பேரை வாயால சொல்லக் கூடாது. திருவிழா முடியட்டும், நானே எழுதறேன்."

திருவிழா முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது.

பள்ளிக்கூடத்தில் உலகநாதன் ஐந்தாறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எழுதிப் போடலாமே என்று கேட்டாள். அவர் சுவரைப் பார்த்தார். பள்ளிக்கூடம் நிற்கிற இடம் மணவாளனின் தம்பி விட்டுக்கொடுத்தது. தான் எழுதியது தெரிந்தால் மறுநாள் கூரை இருக்காது என்றார். அதுவுமில்லாமல், முன்சீப் சொல்லாமல் வாத்தியார் சொன்னால், முன்சீப்பிடம்தான் விசாரிப்பார்கள். பெரிய இடத்திலிருந்து யாராவது ஒரு வார்த்தை சொன்னால் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள், உடனே வருவார்கள் என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

பூங்காவனத்துக்கு ஒரு பெரிய இடம் தெரியும். அவள் வளர்த்த பிள்ளைகளில் ஆர்தர் என்ற ஒருவன் ரயில்வே இஞ்சினியராகிப் பெரம்பூரில் பங்களா எடுத்துக்கொண்டு இருந்தான். அவனைக் குழந்தையில் பார்த்ததுதான். போவதா வேண்டாமா என்று ஒரு இரவு யோசித்தாள். காலையில் நாகவல்லிக்கு வாந்திபேதி கண்டுவிட்டது.

கன்னியம்மாள் புருஷன் இல்லாதவள்; நாகவல்லிக்குக் கீழே ஒரு சின்னப் பையன். பூங்காவனம் கஞ்சித் தண்ணீரில் உப்புப் போட்டுக் கரண்டி கரண்டியாகப் பெண்ணின் வாயில் ஊற்றினாள். அம்மா கொடுத்தால் துப்பியது. இவள் கொடுத்தால் விழுங்கியது. வாயை ஓயாமல் அசைத்து எதையோ சொல்லிக்கொண்டே கொடுத்தாள். வெயில் ஏறியதும் கரண்டியைக் கன்னியம்மாள் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

கன்னியம்மாள் சேலையைப் பிடித்துக்கொண்டாள். "போவாத பெரிம்மா. நீ பக்கத்துல குந்தினாத்தான் அது வாயத் தொறக்குது."

"மருந்து வந்தாத்தாண்டி பொழைக்கும். பொழுது சாயறதுக்குள்ள வந்துடறேன்."

"காப்புக் கட்டிக் கீது."

"அதுக்குத்தாண்டி சொல்றேன், சாயறதுக்குள்ள வந்துடறேன்னு."

ரயில் பாதையோரமாகவே நடந்தாள். வில்லிவாக்கம் தாண்டும்போது சரளைக்கல் காலைக் கிழித்தது. பெரம்பூரில் பங்களாவைத் தேடிக் கண்டுபிடிக்க உச்சி வெயிலாகிவிட்டது. பட்லர் அவளைப் பின்கட்டிலேயே நிறுத்தினான். துரை வேலைக்குப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றான். துரைசாணியாவது பார்க்கட்டும் என்று கெஞ்சினாள்.

துரைசாணி சீமையிலிருந்து வந்து அதிக நாளாகவில்லை. பூங்காவனத்தின் கப்பல் இங்கிலீஷ் அவளுக்குப் பாதிதான் புரிந்தது. புருஷனை வளர்த்த ஆயா என்ற மட்டும் புரிந்து முகம் மலர்ந்தது. அவள் வீட்டு ஆயா போன வாரம்தான் வேலையை விட்டிருந்தாள். இரண்டு குழந்தைகள், ஒரு பெண்ணும் ஒரு பையனும், வெயிலில் வீட்டுக்குள் அடைந்து கிடந்து படுத்திக்கொண்டிருந்தார்கள். துரை வருகிறவரை நீ இவர்களைப் பார்த்துக்கொண்டிரேன், கதை சொல்லுவாயாமே, அவர் அடிக்கடி சொல்வார் என்று சொல்லிவிட்டு, தலைவலி என்று படுக்கப் போய்விட்டாள்.

பூங்காவனம் பின் வராந்தாவில் உட்கார்ந்தாள். பெண் குழந்தையின் மஞ்சள் முடியைச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டே குரங்குக் கதையைச் சொன்னாள், கோழிக்குஞ்சுக் கதையைச் சொன்னாள். வாய் தானாகப் போயிற்று. கண் வெயிலின் மேலேயே இருந்தது. தூண் நிழல் நீண்டது. நாலு மணிக்குத் துரை வரவில்லை. வேலை முடிந்து நேராகக் கிளப்புக்குப் போயிருப்பார், பந்தாடிவிட்டு விளக்கு வைத்த பிறகுதான் வருவார் என்றான் பட்லர். கிளப்புக்குப் போய்ச் சொல்ல முடியுமா என்று அவள் கேட்டதற்கு, என்னை வேலையைவிட்டு எடுத்துவிடுவார்கள் பாட்டி என்றான்.

அப்போதே எழுந்து ஓடியிருந்தால் இருட்டுவதற்குள் எல்லைக்குள் போயிருக்கலாம். வெறுங்கையோடு போயிருக்க வேண்டும். அவள் எழுந்திருக்கவில்லை.

குழந்தைகள் இன்னொரு கதை கேட்டன. பூங்காவனம் சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டாள். பிறகு, இதுவரை எந்தக் குழந்தைக்கும் சொல்லாத கதையை எடுத்தாள். ஒரு கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளுகிறவனுக்கு வாந்திபேதி கண்டது. சூயஸ் துறைக்கு வெளியே கப்பலை நிறுத்தினார்கள். இந்த மாதிரி நேரத்தில் காப்டன் மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். கொடியைப் பார்த்தால் கரையிலிருந்து டாக்டர் படகு வரும். அவள் கண்ணால் பார்த்த கப்பலில் கொடி ஏறியது. இந்தக் கதைக் கப்பலில் ஏறவில்லை. அன்றைக்குக் காப்டன் வைக்கிற விருந்து, கொடி ஏற்றினால் விருந்து நின்றுவிடும். கப்பலில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், ஓயாமல் கேள்வி கேட்கிற பெண். அவளுக்கும் இன்று காலையில் கண்டுவிட்டது.

இன்று காலையிலா என்று கேட்டது பெண் குழந்தை.

இன்று காலையில்தான் என்றாள் பூங்காவனம். அந்தக் கப்பல் இங்கிருந்து ரயிலில் போனால் கொஞ்ச தூரம்தான், ஏரிக்கரையில் நிற்கிறது. டாக்டர் படகு ஏன் போகவில்லை என்று பையன் கேட்டான். கரையில் யாருக்கும் தெரியாது என்றாள். யார் சொன்னால் போகும் என்றான். உன் அப்பா டெலிபோனில் சொன்னால் போகும்.

ஆர்தர் துரை இருட்டிய பிறகு வந்தார். தொப்பியைக் கழற்றுவதற்கு முன்பே குழந்தைகள் இரண்டு கையையும் பிடித்து டெலிபோனுக்கு இழுத்தார்கள். அவர் சிரித்தார், ஆயாவைப் பார்த்துக் கூவினார், தோளைப் பிடித்துக் குலுக்கினார். அவளோ சிரிக்காமல் கைகூப்பி நின்றாள். விஷயத்தைக் கேட்டதும் அவரும் சிரிப்பை நிறுத்தினார். ஆபீஸ் மூடியிருந்தது. சுகாதாரப் பெரிய அதிகாரியின் வீட்டுக்கே டெலிபோன் செய்து, ஊர் பெயரை இரண்டு தடவை எழுத்துக் கூட்டிச் சொன்னார். காலையில் முதல் வேலையாக ஆள் போகும் என்று பதில் வந்தது. அவள் உடனே கிளம்பப் பார்த்தாள். தண்டவாளத்தில் இருட்டில் போனால் நாளைக்கு உன்னைத்தான் பொறுக்க வேண்டும் என்று தடுத்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. வெளிக் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

விடியும் முன்பே நடக்க ஆரம்பித்தாள். சேரிக்குள் நுழைந்தபோது நாகவல்லியைப் புதைத்துவிட்டு வந்து துலுக்கானம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். தலைக்கோழி கூவும்போது போய்விட்டதாம்.

கன்னியம்மாள் வாசலில் பையனை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூங்காவனம் அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்து, அவள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். துரை இல்லாதது, காத்திருந்தது, குழந்தைகளுக்குத் தலை வாரியது, கதை சொன்னது, கேட் பூட்டியது. ஏன் தாமதமாயிற்று என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கன்னியம்மாள் பையன் தலையைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

மருந்துக்காரர்கள் அம்பத்தூரிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார்கள். நின்றவர் நடந்தவர் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். சேரிக் கிணற்றில் ஒரு வாளி மருந்தைக் கரைத்து ஊற்றினார்கள்; தண்ணீர் செக்கச்செவேலென்று ஆயிற்று. ஏரி ஓரத்துத் தண்ணீரில்தான் நோய் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள், கிணற்றுத் தண்ணீரையே குடியுங்கள் என்று எச்சரித்தார்கள். ஊர்வலம், கூட்டம் எதுவும் கூடாது என்று தமுக்குப் போட்டார்கள். தமுக்கை அடித்தவன் துலுக்கானம். புதுச் சப்பரம் வர்ணத்தோடு களத்துமேட்டில் நின்றது. நாள் வருமுன்னே காப்பை அவிழ்த்தார்கள். அப்படி அந்த ஊரில் நடந்ததே இல்லை.

ஊசி போட்ட பிறகும் சேரியில் இருவர் செத்தார்கள். ஊரில் முதல்முதலாக ஒருவர். நோய் முன்பே உடம்பில் இறங்கியிருந்தது என்று மருந்துக்காரர் சொன்னதை யார் கேட்டது? காப்புக் கட்டிய எல்லையைத் தாண்டி ஒருத்தி ராத்திரி தங்கினாள், அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள் என்பதே பேச்சு. மணவாளன் இதை உரக்கச் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை. துலுக்கானத்திடம் ஒரு தடவை சொன்னார், போதுமானதாக இருந்தது.

நோய் கொஞ்சம் அடங்கியதும் கோயில் எதிரில் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் நிழலில், சேரிக்காரர்கள் வெயிலில். வெளியே ராத்திரி தங்கினாயா என்று கேட்டார்கள். தங்கினேன் என்றாள் பூங்காவனம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, எல்லைக் கல்லிலிருந்து கோயில் எதிரே வரை ஈரத் துணியோடு விழுந்து விழுந்து வரவேண்டும் என்று தீர்ப்பானது. அறுபது வயது உடம்போடு அப்படியே செய்தாள். மறுத்தால் பள்ளிக்கூடத்துப் பக்கம் விடமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு மிச்சமிருந்தது பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் அந்த ஒரு மணி நேரம்தான்.

எழுந்து நின்று முகத்தில் ஒட்டிய மண்ணைத் துடைத்தபோது உலகநாதன் முன்னால் வந்தார். அந்தம்மா மத்தியானம் வந்தால்தான் பிள்ளைகள் நிற்கின்றன, வரவிடுங்கள் என்று கேட்டார். அந்த வாரத்தில் அவர் செய்த ஒரே தைரியமான காரியம் அது. மணவாளன் பெருந்தன்மையாகக் கையை விரித்தார்.

"எனக்கென்ன சார். பெத்தவங்க சரின்னா சரி." சேரிப் பக்கம் திரும்பி, "கன்னியம்மா, புள்ளையப் பறிகொடுத்தவ நீ. நீ சொல்லு," என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கன்னியம்மாள் பையனை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள். பூங்காவனம் ஈரத் துணியோடு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லை, அம்மன் கோபம் என்று அவள் எதையாவது சொல்லியிருந்தால் பூங்காவனத்துக்கு வலித்திருக்காது.

"எல்லை தாண்டினது எனக்கு ஒண்ணும் இல்ல," என்றாள் கன்னியம்மாள். "எம் பொண்ணு ராவெல்லாம் கப்பலம்மா, கப்பலம்மான்னு வாயப் பொளந்துகினு கெடந்துது. இவ அங்க வெள்ளைக்காரன் புள்ளைக்குத் தலைவாரிக் கதை சொல்லிகினு இருந்தா. இனிமே எந்தப் புள்ளைக்கும் சொல்ல வேணாம்."

சொல்லப்பட்டதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. கூட்டத்தார் பாதையை விட்டு விலகி நின்றார்கள். பூங்காவனம் நடந்து குடிசைக்குப் போனாள்.

மறுநாள் மத்தியானம் மணி அடித்தது. பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டு ஏரிக்கரைக்கு மாட்டை ஓட்டின. உலகநாதன் காலிப் பலகைகளுக்கு முன்னால் மாலைவரை உட்கார்ந்திருந்துவிட்டு சைக்கிளை எடுத்தார்.

ஆனால் நோய் முழுக்கப் போகவில்லை. கிணற்றுத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து யாரும் அதைத் தொடவில்லை. ரத்தம் மாதிரி இருக்கிறது, அம்மா கிணற்றில் இறங்கிவிட்டாள் என்று பெண்கள் ஏரிக்கே போய் மொண்டு வந்தார்கள். மருந்துக்காரர் சொல்லிவிட்டுப் போனது யார் நினைவிலும் இல்லை. இன்னொரு குழந்தைக்கு வயிறு போக ஆரம்பித்தது.

பூங்காவனத்திடம் பேசுவாரில்லை, அவள் சொன்னால் கேட்பாரும் இல்லை. காலையில் பெண்கள் ஏரிக்குப் போகிற நேரம் பார்த்துக் கிணற்றடிக்குப் போய் வாளியை இறக்கினாள். சிவந்த தண்ணீரைச் செம்பில் ஊற்றி, கிணற்றுச் சுவர் மேல் உட்கார்ந்து, எல்லோர் கண்ணிலும் படும்படி மடமடவென்று குடித்தாள். அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும்.

"சீமை உடம்பு. அத்த எந்த நோவும் அண்டாது," என்றாள் குடத்தோடு போன ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். பூங்காவனம் வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டாள். தண்ணீர் தகரத்தை நக்குவது போலிருந்தது. வாந்தி வந்தால் அவ்வளவுதான், கிணற்றுப் பக்கம் எவளும் வரமாட்டாள் என்று பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

முதலில் துலுக்கானம் வந்தான். ஊருக்குச் சாவுச் செய்தி சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருந்தான். அவளைப் பார்க்காமல் வாளியை இறக்கி, தலையை அண்ணாந்து குடித்தான். அவன் சாகவில்லை என்று தெரிந்த பிறகு ஒருத்தி ஒருத்தியாகக் குடத்தோடு வந்தார்கள். தண்ணீரை மட்டும் மொண்டுகொண்டு போனார்கள்.

கன்னியம்மாள் கடைசியாக வந்தாள். பையன் கூடவே நடந்து வந்தான். அப்போது வாளிக்கயிறு பூங்காவனத்தின் கையில் இருந்தது. நீட்டினாள். கன்னியம்மாள் அதை வாங்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். பூங்காவனம் கயிற்றைச் சுவர்மேல் வைத்துவிட்டு இறங்கி எட்டப் போய் நின்றாள். அதற்கப்புறம்தான் கன்னியம்மாள் கயிற்றைத் தொட்டாள்.

குடம் நிறைந்ததும் பையனுக்கு ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். நிறத்தைப் பார்த்து அவன் முகத்தைச் சுளித்தான். பிடரியில் ஒன்று வைத்தாள். குடித்தான். இன்னொரு கை கொடுத்தாள், அதையும் குடித்தான்.

பூங்காவனம் அது தொண்டையில் இறங்குகிறவரை பார்த்துவிட்டு, செம்பைக் கவிழ்த்து உதறிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.